டிராக்டரின் கிளச்சும் அதன் மிதியில் உண்டாகும் கோளாறுகளும்

காளைகளைக் கட்டி உழும் குடியானவன் வரப்பினருகில் வந்து ஒரு குரல் கொடுத்தால் மாடும் நிற்கிறது, ஏரும் நிற்கிறது. மறுபடி வாலைத் தொட்டால் இரண்டும் ஒருங்கே புறப்படுகின்றன. எஞ்சினின் இயல்பு அத்தகையதன்று. நின்றுபோன எஞ்சினுக்கு இழுக்கும் சக்தி எள்ளளவும் கிடையாது. டீசல் எஞ்சின் சும்மா ஓடும்போதும் நிமிஷத்திற்குச் சுமார் 600 முதல் 800 சுற்று வரை சுழன்றுகொண்டே இருத்தல் வேண்டும். ஓடுகின்ற எஞ்சினை நிறுத்தாமலே வண்டியை நிறுத்தவும், நிற்கின்ற வண்டியை அதிர்ச்சியின்றி மெல்லப் புறப்படச் செய்யவும், கியர் மாற்றும் சமயத்தில் எஞ்சினுக்கும் கியர்ப் பெட்டிக்கும் உள்ள தொடர்பைச் சற்றே துண்டிக்கவும் ஒரு சாதனம் தேவையாயிற்று. அச்சாதனமே கிளச்சு எனப்படுவது.

டிராக்டர் வைத்திருப்போர் எண்ணெய், டயர், கொழு இவற்றின்மீது செலுத்தும் கவனத்தில் பாதியளவுகூடக் கிளச்சின்மீது செலுத்துவதில்லை. அது கண்ணுக்குத் தெரியாத இடத்தில் அமைந்திருப்பதே இதற்குக் காரணம். ஆயினும் அது கெட்டால், டிராக்டரை நடுவில் இரண்டாகப் பிரித்தெடுத்தே பழுது பார்க்க வேண்டும். நாற்று முதிர்ந்து, வாய்க்காலில் தண்ணீரும் வந்து, உழவு நடக்கவேண்டிய சமயத்தில் யந்திரம் பட்டறையில் கிடக்குமாயின் நேரும் நஷ்டம் தட்டின் விலையோடு முடிவதன்று. இக்கோளாறுகளிற் பல மிதியைச் சரியாக வைத்துக்கொள்வதால் மட்டுமே தவிர்க்கக் கூடியவை.

உறுப்புகளும் அவற்றின் தொழிலும்

குயவன் சக்கரம் வேகமாகச் சுழலும்போது அதன்மீது ஒரு மரப்பலகையை லேசாக வைத்தால், சக்கரம் பலகையின் அடியில் வழுக்கிக்கொண்டு ஓடும். பலகை அசைந்து மெல்லத் திரும்பத் தொடங்கும். பலகையைக் கையால் அழுத்த அழுத்த அதன் வேகம் கூடி, முடிவில் சக்கரமும் பலகையும் ஒன்றேபோல் சுழலும். கையை எடுத்துப் பலகையைத் தூக்கிவிட்டால் சக்கரம் தன்பாட்டில் ஓடும். கிளச்சின் தத்துவம் முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது.

எஞ்சினின் பின்முனையில் பிளைவீல் என்னும் கனமான இரும்புச் சக்கரம் பொருத்தப்பட்டிருக்கிறது. குயவன் சக்கரத்திற்கு ஒப்பானது அது. பலகைக்கு ஒப்பானது கிளச்சுத் தட்டு. இத்தட்டின் இருபுறமும் உராய்வைத் தாங்கும் லைனிங் ஆணியடித்துப் பொருத்தப்பட்டிருக்கும். தட்டின் நடுத்துளையில் வெட்டியுள்ள பற்கள், கியர்ப் பெட்டியினின்று வரும் தண்டின்மீது கோக்கப்பட்டிருப்பதால், தட்டு சுழன்றால் தண்டும் சுழலும். அழுத்தும் கைக்கு ஒப்பானது பிரஷர் பிளேட் என்னும் அழுத்தத் தட்டு. பலமான ஸ்பிரிங்குகள் இதனை எப்பொழுதும் முன்னோக்கித் தள்ளிக்கொண்டிருக்கும். இவ்விதமாக லைனிங்குள்ள தட்டு, பிளைவீலுக்கும் அழுத்தத் தட்டுக்கும் இடையில் இறுகப் பிடிபட்டு, எஞ்சினின் சக்தியைச் சக்கரங்களுக்குக் கொண்டு செல்கிறது.

மிதியை அழுத்தும்போது நேர்வது யாதெனில், மிதியோடு இணைந்த கம்பி ஒரு கவையைத் திருப்புகிறது. கவை, ரிலீஸ் பேரிங்கை முன்னோக்கித் தள்ளுகிறது. அந்தப் பேரிங் சுற்றிலும் அமைந்துள்ள சிறு நெம்புகோல்களின் நுனிகளை அழுத்துகிறது. விரல்கள் என்று பட்டறைகளில் வழங்கும் இந்நெம்புகோல்கள், ஸ்பிரிங்குகளின் பலத்தை மீறி அழுத்தத் தட்டைப் பின்னே இழுக்கின்றன. உடனே நடுத்தட்டு விடுபட்டு நிற்கிறது. ஆகவே, பிடித்துக்கொள்வது ஸ்பிரிங்கின் வேலை. விடுவிப்பது மட்டுமே காலின் வேலை. இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்வோர்க்குப் பின்வரும் கோளாறுகளின் காரணம் எளிதில் விளங்கும்.

ஒரு சிறு கணக்கு

35 குதிரைச் சக்தியுள்ள ஒரு டிராக்டர் எஞ்சின் நிமிஷத்திற்கு 2000 சுற்று ஓடுவதாகக் கொள்வோம். அப்போது அது கொடுக்கும் முறுக்கு, ஒரு மீட்டர் நீளமுள்ள நெம்புகோலின் முனையில் சுமார் 12½ கிலோ எடையைத் தொங்கவிட்டதற்குச் சமம். லைனிங்கின் சராசரி ஆரம் 11 சென்டிமீட்டர் எனவும், அதன் பற்று 0.3 எனவும் கொண்டால், இருபுறமும் சேர்ந்து இம்முறுக்கை வழுக்காமல் கடத்துவதற்குச் சுமார் 190 கிலோ அழுத்தம் வேண்டும். திடீர்ப் பளுவையும் தேய்மானத்தையும் கருதி அதனினும் ஒன்றரை மடங்குக்கு மேற்பட்ட பலத்தோடு ஸ்பிரிங்குகள் அமைக்கப்படுகின்றன. 300 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம்.

இனி, லைனிங்கில் எண்ணெய் பட்டு அதன் பற்று 0.1 ஆகக் குறைந்துவிட்டதாகக் கொள்வோம். 300 கிலோ அழுத்தமிருந்தும் 6½ கிலோ அளவு முறுக்கே கடத்தப்படும். எஞ்சின் தருவதில் ஏறக்குறைய பாதி இது. மீதி வழுக்கலாகவும் சூடாகவும் போகும். அந்தச் சூடு எவ்வளவு என்பதையும் பார்க்கலாம். 35 குதிரைச் சக்தி ஏறக்குறைய 26 கிலோவாட் ஆகும். முழுப் பளுவில் பத்தில் ஒரு பங்கு வழுக்கினாலும் 2.6 கிலோவாட் சூடு அந்தச் சிறிய தட்டின்மீது விழுகிறது. 1000 வாட் மின்சார இஸ்திரிப் பெட்டிகள் இரண்டரையை மூடிய பெட்டிக்குள் வைத்து எரிப்பதற்கு ஒப்பாகும் இது. லைனிங் கருகி நாற்றம் வீசுவதிலும், பிளைவீலின் முகம் நீலம் பாரித்து வெடிப்பு விடுவதிலும் வியப்பில்லை.

இரட்டைக் கிளச்சு

1946-ஆம் ஆண்டு முதல் இங்கிலாந்தில் காவென்ட்ரி நகரில் செய்யப்பட்ட பெர்குசன் டி.இ. 20 டிராக்டரில் ஒரே கிளச்சு இருந்தது. மிதியை அழுத்தியதும் சக்கரங்களோடு பி.டி.ஓ. என்னும் பின்தண்டும், கலப்பையைத் தூக்கும் பம்பும் ஒருங்கே நின்றுவிடும். பின்தண்டினால் ஓடும் கருவிகளுக்கு இது இடையூறாயிருந்தது. 1950-களின் நடுவில் வந்த பெர்குசன் 35 டிராக்டரின் சில வகைகளில் இரட்டைக் கிளச்சு அமைக்கப்பட்டது. இன்றும் பல டிராக்டர்களில் அம்முறையே உள்ளது. மிதியைப் பாதியளவு அழுத்தினால் சக்கரங்கள் மட்டும் நிற்கும். முழுதும் அழுத்தினால்தான் பின்தண்டும் நிற்கும்.

இதிலுள்ள அபாயத்தை உழவரும் வேலையாட்களும் நன்கறிதல் வேண்டும். வண்டி நின்றுவிட்டது என்பதைக் கொண்டு ரோட்டவேட்டரின் கத்திகளும் நின்றுவிட்டன என்று எண்ணலாகாது. கத்தியில் சிக்கிய புல்லையோ கயிற்றையோ எடுக்க வேண்டுமாயின், பின்தண்டின் பிடியை விலக்கி, எஞ்சினை நிறுத்தி, சாவியைக் கையில் எடுத்துக்கொண்ட பிறகே அருகிற் செல்ல வேண்டும். மிதியை அழுத்தியபடி ஒருவர் அமர்ந்திருக்க, மற்றொருவர் கத்தியில் கை வைப்பது ஒருபொழுதும் செய்யத்தகாத காரியமாகும்.

மிதியின் வெற்றசைவு

மிதியின்மீது கையை வைத்து லேசாக அழுத்தினால் முதலில் சிறிது தூரம் எதிர்ப்பின்றி இறங்கும். அதன்பின் கனமாகத் தட்டுப்படும். எதிர்ப்பின்றி இறங்கும் இத்தூரத்தை மெக்கானிக்குகள் பிரீ பிளே என்பர். ரிலீஸ் பேரிங்குக்கும் விரல் நுனிகளுக்கும் இடையிலுள்ள இடைவெளியை இது காட்டுகிறது. பல டிராக்டர்களில் சுமார் 20 முதல் 30 மில்லிமீட்டர் வரை இருத்தல் வேண்டும். ஆயினும் வகைக்கு வகை மாறுபடுமாதலால், யந்திரத்துடன் கொடுக்கப்படும் கைப்புத்தகத்தில் கண்ட அளவே பிரமாணமாகும்.

லைனிங் தேயத்தேய மிதி தளர்ந்து வெற்றசைவு கூடும் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை அதற்கு நேர்மாறானது. தட்டு மெலிந்தால் அழுத்தத் தட்டு பிளைவீலை நோக்கி நெருங்குகிறது. அப்போது விரல்களின் நுனிகள் பின்னோக்கி, ரிலீஸ் பேரிங்கை நோக்கி வருகின்றன. இடைவெளி குறைந்து ஒரு நாள் முற்றும் இல்லாமற் போகும். அதன்பின் காலை வைக்காதிருந்தும், கால் வைத்து அழுத்தியதுபோலவே கிளச்சு அரைகுறையாக விடுபட்டிருக்கும். ஆகவே வெற்றசைவு குறைந்துவருவது தேய்மானத்தின் அறிகுறி. மாதம் ஒரு முறையேனும் ஓர் அளவுகோலைக் கொண்டு அதனை அளந்து பார்த்தல் நலம். குறைந்திருந்தால் மிதிக்கம்பியின் பூட்டு நட்டைத் தளர்த்தி, நீளத்தைச் சரிசெய்து, நட்டை மறுபடி இறுக்கிவிட வேண்டும். இரட்டைக் கிளச்சில் பின்தண்டுப் பகுதிக்குத் தனியே அளவு வைக்கப்பட்டிருப்பதால், அதனைத் தேர்ந்த மெக்கானிக்கிடமே விட்டுவிட வேண்டும்.

கோளாறுகளும் காரணங்களும்

1. வழுக்கல். எஞ்சினின் சத்தம் ஏறுகிறது, டிராக்டரோ இழுப்பதில்லை. சக்கரம் மண்ணில் வழுக்காமலிருந்தும் இவ்வாறு நேர்ந்தால் கிளச்சு வழுக்குகிறது என்றறியலாம். வெற்றசைவு இல்லாமை, லைனிங் தேய்ந்து ஆணித்தலை வெளிப்படுதல், ஸ்பிரிங்குகள் பலங்குன்றுதல், எஞ்சினின் பின் சீலிலிருந்தோ கியர்ப் பெட்டியின் முன் சீலிலிருந்தோ எண்ணெய் கசிந்து லைனிங்கில் படுதல் ஆகியவை இதற்குக் காரணங்கள். சோதிக்க விரும்பினால், முன்னும் பின்னும் ஆளில்லாத சமதரையில் பிரேக்கை இறுகப் பூட்டி, உயர்ந்த கியரில் போட்டு, எஞ்சினை மிதமாக ஓட்டி, மிதியை மெல்ல விட வேண்டும். கிளச்சு நல்லதாயின் எஞ்சின் நின்றுபோகும். நிற்காமல் ஓடினால் வழுக்கல் நிச்சயம். இச்சோதனையை ஒரு முறைக்கு மேல் செய்யலாகாது. அதுவே லைனிங்கைச் சுட்டுவிடும். எண்ணெய் ஊறிய லைனிங்கைப் பெட்ரோலால் கழுவிப் போடுவதால் பயனில்லை. தட்டை மாற்றுவதோடு கசிவையும் நிறுத்தினாலன்றிப் புதுத்தட்டும் அவ்வழியே கெடும்.

2. முற்றும் விடாமை. மிதியை முழுதும் அழுத்தியும் கியர் போடும்போது பற்கள் கரகரவென்று அரைபடுவதும், வண்டி தானே நகர்வதும் இதன் அடையாளங்கள். வெற்றசைவு மிகுதியாதல், மிதிக்கம்பியின் ஆணிகளும் துளைகளும் தேய்தல், விரல்களின் நுனிகள் ஒரே மட்டத்தில் இல்லாமை, தட்டு கோணுதல், தட்டு தண்டின்மீது துருப்பிடித்து இழையாமை ஆகியவை காரணங்கள். மிதியை அழுத்திப் பத்து வினாடி பொறுத்துப் பின்னோக்கும் கியரைப் போட்டுப் பார்த்தால் விடாமை தெரிந்துவிடும். இக்கோளாறுடன் ஓட்டினால், கிளச்சைவிட அதிக விலையுள்ள கியர்ப் பற்கள் நாசமாகும்.

3. உதறல். மிதியை மெல்ல விட்டும் வண்டி குதித்துக் குதித்துப் புறப்படுமாயின், லைனிங்கில் சிறிது எண்ணெய் பட்டிருத்தல், முகம் சூட்டால் கோணுதல், விரல்கள் ஏற்றத்தாழ்வாயிருத்தல், எஞ்சினைத் தாங்கும் போல்ட்டுகள் தளர்தல் இவற்றிலொன்றாகும்.

4. சத்தம். கியரை நடுநிலையில் வைத்து எஞ்சினை ஓடவிட்டுக் காதால் கேட்டே பெரும்பாலும் காரணத்தை அறியலாம். மிதியில் கால் பட்டவுடன் சீறும் சத்தம் தொடங்கினால் ரிலீஸ் பேரிங் கெட்டிருக்கிறது. மிதியை விட்டிருக்கும்போது கேட்ட சத்தம், அழுத்தியதும் நின்றுபோனால் கியர்ப் பெட்டியின் முன்தண்டுப் பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். மிதியை முழுதும் அழுத்திக் கியரில் வைத்திருக்கும்போது மட்டும் சத்தமெழுந்தால், பிளைவீலின் நடுவிலுள்ள பைலட் பேரிங் குற்றவாளியாகும். கிரீஸ் அடைத்து மூடிய ரிலீஸ் பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவும் வழக்கத்தைக் கைவிட வேண்டும். உள்ளிருக்கும் கிரீஸ் கரைந்து, புதுப் பேரிங்கும் சில நாட்களில் அழியும்.

5. மிதி கனத்தலும் திரும்பாமையும். மிதியின் தண்டுக்குக் கிரீஸ் இடாமையும், சேறு உலர்ந்து அடைத்தலும், கவை தேய்தலும் மிதியைக் கனக்கச் செய்யும். மேலே திரும்பாவிடில் இழுப்பு ஸ்பிரிங்கு அறுந்திருக்கலாம். எதிர்ப்பின்றித் தரையிற் படிந்தால் கம்பியின் ஆணி கழன்றிருக்கும்; திரவத்தால் இயங்கும் வகையாயின் கசிவோ காற்றோ குழாயிற் புகுந்திருக்கும். கழன்ற ஆணிக்குப் பதில் முள்வேலிக் கம்பியையோ இரும்பாணியையோ செருகி ஓட்டுவது உயிருடன் விளையாடுவதாகும்.

காலை மிதியில் வைத்தோட்டும் பழக்கம்

மேற்கூறிய கோளாறுகளிற் பலவற்றிற்கும் மூலமாயிருப்பது டிரைவரின் இடது காலே. உழும்போது காலை மிதியின்மீது சும்மா வைத்திருப்பதில் தீங்கில்லை என்று கருதுகின்றனர். காலின் பளு 5 கிலோவே என்றும், மிதியும் விரல்களும் சேர்ந்து அதனைப் பத்து மடங்காக்குகின்றன என்று குறைத்தே கணக்கிட்டாலும், 300 கிலோ அழுத்தத்தில் 50 கிலோ வீணாகிறது. ரிலீஸ் பேரிங்கோ, சில வினாடி மட்டும் சுழல்வதற்கென்று செய்யப்பட்டது, நாள் முழுதும் சுழல்கிறது. வேகத்தைக் குறைக்க அரைக் கிளச்சில் ஓட்டுவது இதனினும் கேடானது. வேகம் குறைய வேண்டின் கியரைக் குறைக்க வேண்டும், கிளச்சைக் குறைத்தலாகாது. கருகும் நாற்றம் வந்தால் உடனே நிறுத்தி, கியரை நடுநிலையிலிட்டு, மிதியை முழுதும் விட்டு, எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு ஆறச் செய்தல் வேண்டும்.

சேற்றுழவும் மழைக்காலமும்

சேற்றுழவில் கிளச்சுப் பெட்டிக்குள் தண்ணீரும் சேறும் புகாமற் காத்தல் முக்கியம். சில டிராக்டர்களின் பெட்டிக்கு அடியில் கசிவு வெளியேறுவதற்காக ஒரு துளை விடப்பட்டிருக்கிறது. அது சேற்றால் அடைபட்டிருந்தால், கசிந்த எண்ணெய் வெளியேற வழியின்றி லைனிங்கிற் படும். ஆகவே வேலை முடிந்ததும் அதனைச் சுத்தம் செய்து பார்க்க வேண்டும். அதில் எண்ணெய் சொட்டினால் சீல் கெட்டதென்பதை முன்கூட்டியே அறியலாம்.

பல வாரங்கள் ஓடாமல் ஈரமான கொட்டகையில் நிற்கும் டிராக்டரில், தட்டு பிளைவீலோடு துருவால் ஒட்டிக்கொள்வதுண்டு. நெடுநாள் நிறுத்தும்போது மிதியை அழுத்திய நிலையில் கொக்கியாலோ மரக்கட்டையாலோ பூட்டி வைக்கும்படி பல கைப்புத்தகங்கள் கூறுவது இதனாலேயாம். மறுபடி எடுக்கும்போது அப்பூட்டைக் கழற்ற மறத்தலாகாது. பழைய லைனிங்குகள் கல்நாரால் செய்யப்பட்டவை. அதன் தூசி சுவாசத்தில் சென்றால் நுரையீரலுக்குக் கொடிய நோய்களை விளைவிக்கும். ஆதலால் பெட்டியைத் திறக்கும்போது தூசியைக் காற்றால் ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும்.

உயிரைக் காக்கும் மிதி

சேற்றில் அழுந்திய டிராக்டரை வெளியேற்ற எஞ்சினை முடுக்கி மிதியைத் திடீரென்று விடுவோர் உளர். பின்சக்கரம் திரும்ப முடியாமல் அகப்பட்டிருக்கும்போது எஞ்சினின் முறுக்கு வண்டியின் உடலையே பின்சக்கர அச்சைச் சுற்றித் தூக்குகிறது. முன்சக்கரம் மேலெழுந்து, ஓரிரு வினாடிக்குள் டிராக்டர் மல்லாந்து ஓட்டுவோன்மீது கவிழும். சக்கரத்தின் குறுக்கே மரக்கட்டையைக் கட்டி ஏற முயல்வதும், பளுவைக் கீழ்க்கொக்கியில் மாட்டாமல் உயரத்தில் கட்டி இழுப்பதும் இதே விபத்தை விளைவிப்பன. முன்சக்கரம் எழுவதைக் கண்ட அக்கணமே கிளச்சு மிதியை முழுதும் அழுத்துவது ஒன்றே வழி. அச்சமயத்தில் கிளச்சு விடாமற்போனால் வேறு கதியில்லை. மிதியைச் சரியான அளவில் வைத்திருப்பது சிக்கனத்திற்காக மட்டுமன்று என்பதை இதனால் உணரலாம். சேற்றிலிருந்து வெளிவர, கருவியைக் கழற்றிவிட்டு, முதலில் பின்னோக்கும் கியரில் மெல்ல முயல்வதே தக்கது.

இறக்கத்தில் இதற்கு மாறாக நடக்க வேண்டும். நெல் மூட்டை ஏற்றிய டிரெய்லருடன் ஏரிக்கரையிலிருந்து இறங்கும்போது மிதியை அழுத்தினால், எஞ்சினின் தடுப்பு நீங்கி வண்டி தறிகெட்டோடும். இறங்குமுன்பே தாழ்ந்த கியரைப் போட்டு, மிதியைத் தொடாமல் இறங்க வேண்டும்.

பொது டிராக்டர்கள்

பலர் சேர்ந்து வைத்திருக்கும் டிராக்டர்களிலும், வாடகைக்கு விடப்படும் டிராக்டர்களிலும் கிளச்சு விரைவில் கெடுகிறது. ஓட்டுவோர் பலராயிருப்பதும் பொறுப்பு ஒருவருக்கும் இல்லாததுமே காரணம். இவற்றை மேற்பார்க்கும் கிராம அலுவலர்களும் சங்க நிர்வாகிகளும் ஒரு குறிப்புப் புத்தகம் ஏற்படுத்துதல் நலம். தேதி, ஓடிய மணி, வெற்றசைவின் அளவு, ஓட்டியவர் கையொப்பம் என்னும் நான்கு பத்திகள் போதும். அளவு குறைந்துவரும் வேகத்தைக் கொண்டே தட்டு எப்பொழுது மாற்றப்பட வேண்டும் என்பதை ஊகித்து, வேலையில்லாத காலத்தில் அதனைச் செய்து முடிக்கலாம்.

நினைவிற் கொள்ளத்தக்கவை

1. மாதம் ஒரு முறை வெற்றசைவை அளக்க. குறைந்தால் உடனே சரிசெய்க.
2. புறப்படவும், நிற்கவும், கியர் மாற்றவும் மட்டுமே மிதியைத் தொடுக. மற்ற நேரத்தில் கால் அதன் பலகையில் இருக்கட்டும்.
3. அழுத்தும்போது முழுதும் விரைவாகவும், விடும்போது மெதுவாகவும் செய்க.
4. எண்ணெய்க் கசிவைக் கண்டதும் சீலை மாற்றுக.
5. மிதித்தண்டுக்குக் கிரீஸ் இடுக, ஆணிகளைப் பார்வையிடுக.
6. எஞ்சின் நின்ற பின்னரே பின்தண்டுக் கருவியை அணுகுக.

ஏர்மாட்டின் கழுத்தில் நுகம் உரசிப் புண்ணாகாதபடி நாள்தோறும் தடவிப் பார்ப்பது நம் உழவர்களின் நெடுநாளைய வழக்கம். புண் சிறிதாயிருக்கையில் மஞ்சள் தடவினால் ஆறும். அசட்டை செய்தால் மாடே படுத்துவிடும். கிளச்சு மிதியை ஓர் அளவுகோலால் பார்ப்பதும் அத்தகையதே. அதற்குச் செல்வது ஐந்து நிமிஷம். அதனால் காக்கப்படுவது ஒரு பருவத்தின் உழவும், சில வேளைகளில் ஓட்டுவோனின் உயிருமாகும்.